ஊர் பார்க்க ஊட்டிய சோறு

என் கணவரின் முதலாளி ஒரு தீவு வாங்கினார். எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியில் நாலு காசு பார்த்தவர்கள் பெரிய வீடாக வாங்குவார்கள், பின்வளவில் நீச்சல் குளம் வெட்டுவார்கள். பரமட்டாவில் கட்டடம் கட்டி விற்று முன்னுக்கு வந்த இந்த மனிதருக்கு அது போதவில்லை. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில், குக் தீவுகளில், பவளப்பாறை சூழ்ந்த ஒரு பரவைக்கடலுக்குள் கிடந்த மணல்திட்டு ஒன்றைப் பிடித்துவிட்டார். அலுவலகச் சுவரில் அதன் படத்தைப் பெரிதாக மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'என் தீவு' என்று காட்டினாராம்.

என் கணவர் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வர்ணித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்ததே யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில். தென்னை, வெண்மணல், உவர்த்தண்ணீர், மத்தியான வெயில் எல்லாவற்றையும் விட்டு ஓடுவதற்காகத்தான் நான் விழுந்து விழுந்து படித்தேன், எஞ்சினியர் மாப்பிள்ளையைக் கட்டினேன், கப்பலேறினேன். அவ்வளவு பாடுபட்டுச் சிட்னிக்கு வந்து பென்டில் ஹில் வீட்டில் ஹீற்றருக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து தென்னை மரத்தை அதிசயம் என்றால் எப்படி இருக்கும்?

"அங்க போய் ஏழெட்டு மாசம் நிக்கவேணுமாம்" என்றார் அவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

"ஆர்?"

"நான்தான். ஜெனரேற்றர் பூட்டவேணும், மழைத்தண்ணித் தாங்கி கட்டவேணும், விருந்தாளியளுக்கு நாலைஞ்சு குடில் போடவேணும். நீரும் வாறதெண்டா வரலாமாம்."

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் ரேடியோப் பெட்டிக்குள் கம்பி ஒட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் ரயில், மாலையில் ரயில், நடுவில் ஈயப் புகை. குளிர்காலம் வேறு வாசலில் நின்றது. உப்புத் தண்ணீரென்றாலும் சூடான உப்புத் தண்ணீர்தானே என்று யோசித்து, இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டு ஓம் என்றேன்.

பரமட்டாவில் ஒரு மதுரைக்கார அக்கா இருந்தார். அந்தக் காலத்துச் சிட்னியில் தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வம் என்பதால் சனிக்கிழமை தோறும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிவிடுவோம். செய்தி கேட்டதும் அவர் ஒரு பை அரிசியை என் கையில் திணித்தார். "குடுத்து வச்சவடி நீ. ஜாலியா போயிட்டு வா. ஆமா, அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. கொழும்பிலும் டொக்டர்மார் பார்த்தார்கள், சிட்னியிலும் பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தவர் நல்ல மனிதர், இனிமேல் காசைச் செலவழிக்காதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகு நான் அழுவதை நிறுத்தினேன், அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தினேன். யாராவது பேச்செடுத்தால் குசினியில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.

ஓக்லண்ட் போய், அங்கிருந்து குக் தீவுகளின் பெரிய தீவான ரறொட்டோங்கா போய், அங்கிருந்து பஸ்ஸைவிடச் சின்னதான ஒரு விமானத்தில் இன்னொரு தீவுக்குப் போய், கடைசியில் ஒரு படகில் ஏறினோம். முதலாளியின் தீவில் இறங்குதுறை என்று ஒன்று இல்லை. முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டும். நானோ நைலெக்ஸ் சேலையும் குதி உயர்ந்த செருப்புமாகப் படகுக்குள் நின்றேன். தண்ணீருக்குள் ஒரு பெரிய பெண் நின்றாள். தலையில் ஓலைத் தொப்பி, காதில் பூ, இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையைப் பக்கத்தில் நின்றவரிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள், கரையில் கொண்டுபோய் நட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சேலை நனையவில்லை.

தீவுக்காரி என்று நான் எழுதப்போவது இவளைத்தான். உண்மையில் அந்தத் தீவே இவளுடைய குடும்பத்தினுடையது. அந்த நாட்டில் வெளியாருக்கு நிலத்தை விற்க முடியாது, குத்தகைக்குத்தான் கொடுக்கலாம். முதலாளி வாங்கியது வெறும் குத்தகை. அவர் பரமட்டாவில் 'என் தீவு' என்று பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் அவரை 'எங்கட வாடகைக்காரர்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குத்தகையோடு காவலும் அவர்கள் பொறுப்பு என்பதால், கணவனும் பிள்ளைகளுமாக அங்கேயே குடியிருந்தாள். அவள் கணவர் மீன் பிடிப்பவர், வாய் திறக்காத மனிதர். இவள் சில காலம் ஓக்லண்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவள், அதனால் ஆங்கிலம் நன்றாக வரும். நாங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு அது எனக்கு என் பேச்சிலேதான் நினைவிருக்கிறது.

வந்த அன்றைக்கே கேட்டாள். "உன்ர பிள்ளையள் எங்க?"

"எனக்குப் பிள்ளையள் இல்லை."

"ஒருதரும் தரேல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. "பிள்ளையை ஆர் தருவினம்?"

"உன்ர அக்கா, தங்கச்சி, மச்சாள்மார். உங்கட சனம் அவ்வளவு கஞ்சப் பிசினாறியளோ?"

வழக்கமாக இந்தப் பேச்சு வந்தால் எழுந்து போகிறவள் நான். அன்றைக்கு எழுந்து போவதற்குக் குசினி இருக்கவில்லை. அதோடு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளாமல் என்னுடைய சொந்தக்காரர்களைத் திட்டிய முதல் ஆள் அவள்தான். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பகிடி விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாழ்க்கை சுகமாக ஓடியது. ஈரப்பலாக்காய் மரத்தடியில் சும்மா கிடந்தது. பென்டில் ஹில்லில் பக்கற்றில் வரும் உலர்ந்த தேங்காய்ப் பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சம்பல் என்று நம்பிச் சாப்பிட்டவள், இங்கே பச்சைத் தேங்காயில் குளித்தேன். அவர்கள் பச்சை மீனை எலுமிச்சம் புளியிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறவைத்துச் சமைக்காமலே சாப்பிட்டார்கள். நான் முதல் வாரம் மூக்கைப் பொத்தினேன், மூன்றாம் வாரம் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பெரிய மரியாதை செய்ய நினைத்தால் தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சியைத் திறப்பார்கள். மாட்டிறைச்சி தொடாத சைவக் குடும்பத்துப் பிள்ளையான என் கணவர், தகரத்தைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுப்பார். இவருக்கு ஏதோ தீராத வயிற்று வியாதி என்று பக்கத்துத் தீவு முழுக்கக் கதை பரவி, தேவாலயத்தில் இவருக்காக ஜெபம் பண்ணினார்கள்.

வேலைக்கு அவர் சிட்னியிலிருந்து அட்டவணை ஒன்று கீறிக்கொண்டு வந்திருந்தார். இந்தக் கிழமை அத்திவாரம், அடுத்த கிழமை தாங்கி என்று நிறம் தீட்டிய அட்டவணை. காற்று மாறினால் சீமெந்துப் படகு வராது. படகு வந்தால் யாருக்கோ கலியாணம். கலியாணம் முடிந்தால் சூரை மீன் ஓடுகிற காலம், ஆட்கள் எல்லாரும் கடலில். முதல் மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார். இரண்டாம் மாதம் அரைக் காற்சட்டைக்கு மாறினார். மூன்றாம் மாதம் காதில் பூ வைத்துக்கொண்டு, அட்டவணைக்குப் பின்பக்கத்தில் மீன் பிடிக்கக் கூடு எப்படிச் செய்வது என்று படம் கீறினார். எனக்கு அந்த மனிதரை அப்படிப் பார்க்க ஆசையாக இருந்தது.

தீவுக்காரியின் கைக்குழந்தை பெண் குழந்தை. வந்த நாளிலிருந்தே நான் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். யாரும் தடுக்கவில்லை. பெற்றவள் வலை இழுக்கப் போவாள், தேங்காய் பொறுக்கப் போவாள், குழந்தை என் இடுப்பில் இருக்கும். அதற்கு ஆறு மாதமான அன்று நான் கேட்டேன்: "இவளுக்கு எப்ப சோறு தீத்தப்போறாய்?"

"நேற்று வாழைப்பழம் சப்பிக் குடுத்தனான்" என்றாள்.

எனக்குப் பகீர் என்றது. முதல் சாப்பாடு ஒரு கொண்டாட்டம் இல்லாமல், வாயில் சப்பி மசித்த வாழைப்பழமா? எங்கள் ஊரில் எப்படிச் செய்வோம் தெரியுமா என்று ஆரம்பித்து, நல்ல நாள் பார்ப்பது முதல் பாற்சோறு வரை மூச்சு விடாமல் சொன்னேன். நானே செய்கிறேன், எல்லாரையும் கூப்பிடு, செலவு என்னுடையது என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவள் என்னை ஒருமாதிரி உற்றுப் பார்த்தாள். "உண்மையாத்தானோ? எல்லாரையும் கூப்பிடவோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "போதகரையும்?" என்றாள். கட்டாயம் என்றேன். அவள் எழுந்து வந்து என் மூக்கோடு தன் மூக்கை வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் பக்கத்துத் தீவிலிருந்து படகு படகாக வந்து இறங்கினார்கள். பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியும். நான் பெட்டிக்கு அடியில் கிடந்த காஞ்சிபுரத்தை எடுத்து உடுத்தியிருந்தேன். குழந்தைக்கு என் கையால் தைத்த புதுச் சட்டை. என் கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி அதற்குப் போட்டேன். மதுரைக்கார அக்காவின் அரிசியில் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் குழையக் காய்ச்சியிருந்தேன். நடுவில் பாயைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, விரல் நுனியில் சோற்றை எடுத்து அதன் வாயில் வைத்தேன். அது முகத்தைக் கோணிற்று, பிறகு விரலைக் கடித்து இழுத்தது.

போதகர் எழுந்து நீண்ட ஜெபம் பண்ணினார். பெண்கள் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு நான்கு குரலும் நான்கு திசையிலிருந்து எழும்பும், உடம்பு சிலிர்க்கும். தீவுக்காரி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். வயதான பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து என் முன்னால் பின்னல் பாய்களைக் குவித்தார்கள். மண்ணுக்குள் சூட்டுக் கல்லில் வெந்த பன்றியை வாழையிலையோடு தூக்கி வந்தார்கள். தமிழ்ப் பண்பாட்டைப் பார்த்து இந்தச் சனம் இப்படி உருகிவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன். "எவ்வளவு நல்ல சனம் பாருங்கோ" என்றேன் கணவரிடம். "ஓம், நல்ல மரியாதையான சனம்" என்றார் அவரும், பன்றிப் பக்கம் திரும்பாமல்.

மறுநாள் காலை தீவுக்காரி எங்கள் குடிலுக்கு வந்தாள். ஒரு கையில் குழந்தை, மற்றக் கையில் துணி மூட்டை, கக்கத்தில் சின்னப் பாய். குழந்தையை எங்கள் கட்டிலில் கிடத்திவிட்டு, இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்தால்தான் நித்திரை கொள்வாள், காதுக்குப் பின்னால் தடவினால் அழுகை நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்துத் தீவுக்கு எங்கேயோ போகிறாளாக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் வந்து பால் கொடுத்தாள், கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுக்காமலே போனாள். பின்னேரமும் அப்படியே. பொழுது சாய நான் குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

மூட்டையைக் கண்டதும் அவள் முகம் இறுகிவிட்டது. "ஏன் திருப்பிக் கொண்டு வாறாய்? என்ர பிள்ளையில என்ன குறை?"

"குறையோ? இருட்டப்போகுது, அதுதான் கொண்டு வந்தனான்."

"நீதானே எடுத்தனி? உடுப்புப் போட்டாய், நகை போட்டாய், மடியில வைச்சாய், ஊர் பார்க்கத் தீத்தினாய், போதகர் ஜெபம் பண்ணினார். வேற என்னெண்டு பிள்ளை எடுக்கிறது?"

அந்தத் தீவுகளில் பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிள்ளை போதாதவர்களுக்கும், சில வேளை சும்மா ஆசைப்பட்டவர்களுக்கும்கூடப் பிள்ளையைக் கொடுப்பார்கள். அதில் வெட்கமும் இல்லை, இரகசியமும் இல்லை. ஊரைக் கூட்டி வைத்து ஊட்டுகிறவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். பெற்றவளும் தாய். இரண்டு வீடும் ஒரு குடும்பமாகிவிடும். இதையெல்லாம் அவள் அந்த வாசலில் வைத்துத்தான் எனக்குச் சொன்னாள். நானோ ஒரு சடங்கு செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டு, பட்டுச் சேலை உடுத்தி, பிள்ளையை எடுத்துக்கொண்டுவிட்டேன்.

குழந்தையோடு திரும்பி வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார்.

"உமக்கு விசரோ? பாற்சோறு எண்டு சொல்லிப்போட்டு ஒரு பிள்ளையை எல்லோ எடுத்துக்கொண்டு நிக்கிறீர்."

"எனக்கு என்னெண்டு தெரியும்?"

அவர் உடனே பெட்டியைத் திறந்தார். நெடுங்காற்சட்டை போட்டார், மூன்று மாதமாகக் காணாத சேர்ட்டைப் போட்டார், சப்பாத்தும் போட்டார். "நான் போய்ப் பிழை நடந்துபோச்சு எண்டு விளங்கப்படுத்திப்போட்டு வாறன். நல்ல சனம், குறை நினையாயினம்."

"போகாதேங்கோ" என்றேன்.

அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் திரும்பிப் பார்த்தார். குழந்தை என் தோளில் நித்திரையாகிவிட்டிருந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து மெல்ல ஒரு சப்பாத்தைக் கழற்றினார், பிறகு மற்றதையும் கழற்றினார். அடுத்த நாள் ஜெனரேற்றர் வந்த மரப்பெட்டியை உடைத்து, விளிம்பெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு தொட்டில் செய்தார். அட்டவணையில் இல்லாத வேலை, அதை மட்டும் ஒரே நாளில் முடித்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது? சந்தோஷமாக இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழந்தை போய் வந்தது. பால் அவள், சோறு நான். நான் நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் வைத்து, மூக்கை நீவி, காலை நீட்டிக் குளிப்பாட்டுவேன். கன்னத்தில் கரிப்பொட்டு வைப்பேன். அவள் வந்து பிள்ளை முகத்தில் அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போவாள். நான் வெயிலில் விடாதே என்பேன், அவள் அலையில் கொண்டுபோய் உருட்டுவாள். ஒரு நாளைக்கு மூன்று தரமாவது சண்டை பிடிப்போம். அக்கா தங்கச்சி இல்லாமல் வளர்ந்தவள் நான், அந்தச் சண்டைக்காகவே காலையில் சீக்கிரம் எழும்பினேன். பிள்ளை முதலில் பேசியது தமிழும் இல்லை, அவர்கள் பாஷையும் இல்லை. ஜெனரேற்றர் மாதிரி 'டுடுடு' என்றது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

குடில்கள் முடிந்தன. முதலாளி மனைவியோடும், வழக்கறிஞரான ஒரு நண்பரோடும் தன் தீவைப் பார்க்க வந்தார். மூன்று பேரும் நல்லவர்கள். முதலாளியின் மனைவி குழந்தையின் கதையைக் கேட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சிட்னிக்குக் கொண்டுபோகலாமா என்று நான் பயந்து பயந்து கேட்டேன். அது ஒன்றும் கஷ்டமில்லை, நானே சும்மா செய்து தருகிறேன் என்றார் வழக்கறிஞர். பெற்றவள் ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். வைத்த பிறகு சட்டப்படி அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் எந்த உறவும் இல்லை. பிறப்புப் பத்திரமே புதிதாக வரும், அதில் பெற்றவர்களாக எங்கள் பெயர் இருக்கும். அப்படியென்றால்தான் அவுஸ்திரேலியா உள்ளே விடும், வேறு வழியில்லை என்றார்.

கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் கூடிவந்துவிட்டது. பென்டில் ஹில் வீட்டில் தொட்டிலை எந்த யன்னலுக்குப் பக்கத்தில் போடுவது, முதல் குளிருக்கு எந்தக் கம்பளியில் சட்டை பின்னுவது என்று மனதுக்குள் ஓடித் திரிந்தேன். பிறகு, இதைத் தீவுக்காரியிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. நானே போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லத் துருவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப பெத்தது ஆர் எண்டு எழுதுவினம்?"

"நான் எண்டு."

"நீ பெத்தனியோ?"

"இல்லை."

"உங்கட அரசாங்கம் பொய்யோ எழுதும்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என்னட்டை வருவாளோ?"

"கூட்டிக்கொண்டு வருவன். ஆனா கடதாசிப்படி நீ கேக்கேலாது. நான் மனம் மாறினா உன்னால ஒண்டும் செய்யேலாது." அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் தேங்காயைக் கீழே வைத்தாள். "நான் பிள்ளையைத் தந்தது எனக்கொரு சகோதரி கிடைப்பாள் எண்டு. உன்ர வீடும் என்ர வீடாகுமெண்டு. உந்தக் கடதாசியில கையெழுத்து வைச்சா எனக்குப் பிள்ளையும் இல்லை, நீயும் இல்லை." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீயும் அவளுக்குத் தாய். நீ கேட்டாய் எண்டா நான் கைவைப்பன். கேக்கிறியோ எண்டு நீ சொல்லு."

இப்படி என் தலையில் தூக்கிப் போட்டுவிட்டாளே என்று அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. மாட்டேன் என்று அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், லேசாக இருந்திருக்கும். வழக்கறிஞர்மேல் ஆத்திரம், அரசாங்கத்தின்மேல் ஆத்திரம், நல்லூர்க் கந்தன்மேலும் ஆத்திரம். கணவரிடம் கேட்டேன். "நீர் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்" என்றார். அந்த மாதிரிச் சம்மதத்தை ஆர் கேட்டது என்று அவருக்கும் ஏச்சு விழுந்தது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையைச் சுற்றி நடந்தேன். சின்னத் தீவு, எவ்வளவு மெல்ல நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். எனக்குக் கையெழுத்து வேண்டும். பிள்ளை வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'நீ தாய் இல்லை' என்று சொல்லக் கேட்பது எப்படி இருக்கும் என்று ஒன்பது வருடம் பாடம் படித்தவள் நான். அந்த ஒரு வரியை எழுதுவித்து, இன்னொருத்தியைக் கொண்டு கையெழுத்தும் வைக்கச் செய்து, அதை வைத்துக்கொண்டு நான் தாயாக என்னால் முடியவில்லை. வழக்கறிஞரிடம் போய் வேண்டாம் என்றேன். முதலாளியின் மனைவி, யோசி, இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்றார். அது எனக்குத் தெரியும் என்றேன்.

நாங்கள் புறப்படுகிற அன்று வழியனுப்புவதற்குப் படகு படகாக எல்லாரும் வந்திருந்தார்கள். நான் பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, மூட்டையையும் எடுத்துக்கொண்டு தீவுக்காரியிடம் போனேன். மூட்டையைக் கண்டால் அவள் முகம் மறுபடியும் இறுகும் என்று பயந்தேன். சொல்லவென்று பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் கேக்கேல்லை. நீ கையெழுத்து வைக்கவேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குழந்தையை வாங்கவில்லை. திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்துத் தங்கள் பாஷையில் உரக்க ஏதோ சொன்னாள். கதை பேசிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். போதகர் தொப்பியைக் கழற்றினார். யாரோ பாயை விரித்தார்கள். அவள் பாயில் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"நீ இவளின்ர தாய். ஊர் பார்க்கக் கேக்கிறன். உன்ர பிள்ளையை எனக்குத் தாறியோ? நீ திரும்பி வருமட்டும் நான் சாப்பாடு தீத்தி வளர்க்கிறன்."

தன் வயிற்றில் பிறந்த பிள்ளையை அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அழாமல் இருந்த நான் அந்த இடத்தில் அழுதேன். அழுதுகொண்டே ஓம் என்றேன், பிள்ளையை அவள் மடியில் வைத்தேன். அவள் மசித்த வாழைப்பழத்தை விரலில் எடுத்து அதன் வாயில் வைத்தாள். போதகர் ஜெபம் பண்ணத் தொடங்கினார். வயதான பெண்கள் எழுந்து வந்து, அவளிடம் போகாமல், என்னைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து என் முதுகைத் தடவினார்கள். பிள்ளையைக் கொடுத்த தாயைத்தான் அப்படித் தேற்றுவார்களாம்.